லெம்பியின் கன்னத்து நிழல்

இப்போதெல்லாம் யாரும் யாருடைய முகத்துக்கு நேராகவும் "இது சரியில்லை" என்று சொல்வதில்லை. மளிகைக் கடையில் பை போட்டுத் தருகிற பெண் முட்டை டப்பாவுக்கு மேலே பூசணிக்காயை வைத்தாலும், "ரொம்ப நல்லா அடுக்கியிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்த்தான் திட்டுகிறார்கள். பல் டாக்டர் பல்லைப் பிடுங்கிவிட்டு, வாயைத் திறந்து வைத்திருந்ததற்காக நோயாளியைப் பாராட்டுகிறார். பாராட்டு அவ்வளவு மலிந்துபோய்விட்டது. இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற சரக்கில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்பது வெய்க்கோ சாரெலாவின் முடிவு.

அவர் வேலை பார்த்த இடம் அப்படி இல்லை. ஏரிக்கரை ஊரான தண்டர் பேயின் ரயில் யார்டில் கோதுமைப் பெட்டிகளைக் கோத்து அனுப்புகிற வேலை. கொக்கியைச் சரியாக மாட்டாவிட்டால் ஃபோர்மன் அம்மாவில் ஆரம்பித்துத் திட்டுவான். அந்தத் திட்டில் கள்ளம் கிடையாது. சரியாக மாட்டினால் ஒன்றும் சொல்லமாட்டான். ஒன்றும் சொல்லாமல் போனால் நல்ல பேர் என்று அர்த்தம். வெய்க்கோ அப்படிப்பட்ட நல்ல பேரோடு ஓய்வு பெற்றவர்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் போயும் போயும் ஒரு படம் வரைகிற வகுப்பில் மாட்டிக்கொண்டார். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கிற வகுப்பு.

மாட்டிவிட்டது பெண்டாட்டி லெம்பி. ஓய்வு பெற்ற முதல் குளிர்காலம் முழுக்க அவர் அடுப்படியில் அவளுக்குப் பின்னால் நின்று, வெங்காயத்தை இப்படியா நறுக்குவார்கள், காப்பிக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர், அந்த மூடியை இங்கே யார் வைத்தது என்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் லெம்பி கத்தியைக் கீழே வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவர் பெயரை வகுப்பில் எழுதிவிட்டு வந்திருந்தாள். மரம் செதுக்கும் வகுப்பு நிரம்பிவிட்டதாம். கம்ப்யூட்டர் வகுப்புக்கு இந்த ஆள் போகமாட்டார் என்று அவளுக்கே தெரியும். மிஞ்சினது இதுதான்.

"செவ்வாக்கிழமை காலைல நான் இல்லாம இந்த வீட்ல என்ன நடக்கப் போகுது?" என்று வெய்க்கோ கேட்டார்.

"அமைதி நடக்கப் போகுது," என்றாள் லெம்பி.

வகுப்பு நடத்துகிறவள் பெயர் ஒடெட். நாற்பது வயதிருக்கும், சட்பரிப் பக்கத்துக்காரி. காதில் ஒரு பென்சில் செருகியிருப்பாள். அதை மறந்துவிட்டு இன்னொரு பென்சில் தேடுவாள். முதல் நாளே தாளைப் பார்க்காமல் வரையச் சொன்னாள். இடது கையை நீட்டி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வலது கை தன்பாட்டுக்குத் தாளில் கோடு இழுக்க வேண்டும். முடித்துவிட்டுப் பார்த்தால் வெய்க்கோவின் கை மண்ணிலிருந்து பிடுங்கின கிழங்கு மாதிரி இருந்தது. ஒடெட் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது என்றாள். கிழங்கில் என்ன நேர்மை என்று அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கே அவர் மனதில் அவளைப் பற்றி ஒரு கேள்விக்குறி விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் நாற்காலி. நாற்காலியை வரையாதீர்கள், அதன் கால்களுக்கு நடுவில் இருக்கிற ஓட்டைகளை மட்டும் வரையுங்கள் என்றாள். வெய்க்கோ ஓட்டையாக வரைந்துகொண்டே போனார். நிமிர்ந்தால் தாளில் நாற்காலி நின்றது. இது அவரைச் சந்தோஷப்படுத்தவில்லை. அவர் நாற்காலி வரையவே இல்லையே. வரையாத நாற்காலி எப்படி வந்தது? வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையின் நாற்காலிகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

கையை விறைப்பாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலில் கட்டைவிரல் வைத்து அளவெடுக்கிற பாடம் மட்டும் பிடித்தது. அளவு யாரையும் பாராட்டாது. இருக்கிறதைச் சொல்லும்.

ஒரு நாள் பின்வரிசையிலிருந்து யாரோ, தனக்கென்று ஒரு பாணி எப்போது வரும் என்று கேட்டார்கள். பாணியைத் தேடிக்கொண்டு போக வேண்டாம் என்றாள் ஒடெட். எவ்வளவு திருத்தினாலும் திரும்பத் திரும்ப ஒரு தப்பு உங்கள் கையிலிருந்து வந்துகொண்டே இருக்கும், அதுதான் உங்கள் பாணி என்றாள். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வெய்க்கோ ஆட்டவில்லை. யார்டில் ஒருத்தன் திரும்பத் திரும்ப ஒரே தப்பைச் செய்தால் அவனுக்கு விரல் போகும். இங்கே பாணி வருகிறதாம்.

இன்னொரு விஷயமும் நடந்திருந்தது. ஆரம்பத்தில் ஒரு தடவை ஒடெட் அவருடைய கரித்துண்டை வாங்கி, அவர் தாளிலேயே ஒரு கோடு போட்டுக் காட்டிவிட்டாள். வெய்க்கோ கரித்துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இந்தாம்மா, என் தாள்ல உன் கை படக் கூடாது. தப்புன்னா வாயால சொல்லு." அவள் மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு அவர் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தாள். ஆனாலும் ஒரு தடவை தொட்ட கை தொட்ட கைதானே. வெய்க்கோ அதை மறக்கவில்லை.

பக்கத்து ஸ்டாண்டில் ஸ்டெஃபா என்கிற உக்ரேனியக்காரி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஆட்களை வரையமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆட்கள் அசைகிறார்கள், அப்புறம் மூக்கு இப்படியா இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறார்கள் என்பது அவள் கட்சி. வீட்டிலிருந்து ஒரு பழைய கெட்டிலைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்து, வாரம் வாரம் ஒரே தாளில் அதையே வரைந்தாள். தடித்த கரியை அப்பு அப்பென்று அப்பி விரலால் தேய்ப்பாள். வெய்க்கோவுக்கோ கூராகச் சீவின கரித்துண்டுதான். அழுத்தி, ஒற்றைக் கோடாக இழுப்பார். தேய்ப்பது ஏமாற்று வேலை.

வகுப்பு முடிந்ததும் தாள் குத்தின பலகைகளைச் சுவரோரம் இருக்கிற மர அடுக்கில் செருகிவிட்டுப் போக வேண்டும். இடம் போதாததால் ஒரு பொந்துக்கு இரண்டு பலகை, முகத்தோடு முகம் பார்த்தபடி. பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு ஒரே பொந்து. படம் கெடாமல் இருக்க மேலே ஸ்பிரே அடியுங்கள், இல்லாவிட்டால் நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வையுங்கள் என்று ஒடெட் முதல் நாளே எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். ஸ்பிரே அடித்து நெஞ்சு போன பெயிண்டர்களை வெய்க்கோ யார்டில் பார்த்திருக்கிறார். அதை அவர் தொடவில்லை. பட்டர் பேப்பர் அந்தக் கட்டடத்துக் கடையிலேயே விற்கிறது. விற்கிறவனே வேண்டும் என்று சொன்னால் யார் நம்புவார்? அதையும் அவர் வாங்கவில்லை.

வசந்தம் தொடங்குகிற சமயத்தில், வாரத்துக்கு ஒருத்தர் தங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து உட்காரவைக்க வேண்டும் என்று ஏற்பாடு. வெய்க்கோவின் முறைக்கு லெம்பி வந்தாள். ஒரு டப்பா நிறைய ஏலக்காய் ரொட்டியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை. மூக்கில் வட்டக் கண்ணாடி.

வெய்க்கோ கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலை அவளுக்கு நேராகப் பிடித்தார்.

"சுட்டுடாதே," என்றாள் லெம்பி.

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு சங்கடம். மாடிப்படியில் லெம்பி எந்தப் படியில் இருக்கிறாள் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். குளியலறைக் கதவை அவள் மூடுகிற விதத்தில் அன்றைய கோபம் எவ்வளவு என்று சொல்லுவார். ஆனால் அவள் மூக்குக்கும் காதுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. அளக்க அளக்க அவர் நினைத்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தெரிந்ததை வரையாதீர்கள், பார்க்கிறதை வரையுங்கள் என்று ஒடெட் ஓயாமல் சொல்லுவாள். இத்தனை காலம் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் எதற்கும் உதவாது என்று சொன்னால் எந்த மனுஷனுக்குத்தான் பிடிக்கும்?

கண்ணாடியின் வட்டங்கள் நன்றாக வந்தன. தாடை வந்தது. வாயின் ஓரம் மட்டும் பிடிபடவில்லை. வரைவார், பிசைகிற ரப்பரால் ஒற்றி எடுப்பார், மறுபடி வரைவார். அந்த இடத்தில் தாள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. முடிகிற மணி அடித்துவிட்டது. கடைசியாக, அவசரத்தில், அவளைப் பார்த்து, தாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல், ஒரு சின்னக் கோடு இழுத்தார். லெம்பி எழுந்து வருவதற்குள் பலகையைத் திருப்பிக்கொண்டார். இன்னும் முடியவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிப் பொந்தில் செருகிவிட்டார். அதே பொந்தில் ஸ்டெஃபாவின் கெட்டிலும் போய் உட்கார்ந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பலகையை உருவி ஸ்டாண்டில் வைத்தார். லெம்பியின் கன்னத்தில் நிழல் விழுந்திருந்தது.

அவர் அப்படி ஒன்றும் போடவில்லை. அவர் போட்டதெல்லாம் கோடு, வேலிக்கம்பி மாதிரி கோடு. இப்போது கன்னத்தோரத்திலிருந்து காதுக்குப் பின்னால் வரைக்கும் பூனைமயிர் மாதிரி மெத்தென்று ஒரு கருமை. அதனால் முகமே சற்று முன்னால் வந்து, ஜன்னலோரம் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

ஒடெட் பின்னால் வந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். கோடு இவ்வளவு முரடாக இருக்கிறது, நிழல் இவ்வளவு பதமாக இருக்கிறது, இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்திருக்கிறது பாருங்கள் என்றாள். இதுதான் வெய்க்கோவின் பாணி என்றாள்.

கூட்டம் கலைந்ததும் வெய்க்கோ மெதுவாகக் கேட்டார். "நீ தொட்டியா இதை?"

ஒடெட் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எல்லாருக்கும் இப்படித்தான் தோன்றும், படம் மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியிருக்கிறது என்று சமாதானம் சொன்னாள். வெய்க்கோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நிழல் அங்கேயே இருந்தது.

அன்றைக்கு அவர் அதிகம் வரையவில்லை. தாடைக்கோட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். போகும்போது சட்டைப்பையிலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பை எடுத்து, பலகையின் மூலையிலிருந்து அடுக்கின் ஆணி வரைக்கும் இழுத்து, தனக்கு மட்டும் தெரிந்த முடிச்சுப் போட்டார். யாராவது பலகையை உருவினால் நரம்பு அறுந்துவிடும். அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் வந்து பார்த்தால் நரம்பு அறுந்திருக்கவில்லை. முடிச்சும் அவர் போட்ட முடிச்சுத்தான். நிழல் மட்டும் முன்னைவிட அடர்த்தியாகியிருந்தது.

வேறு ஆளாயிருந்தால் யாரும் தொடவில்லை என்று நினைத்திருப்பான். வெய்க்கோ, தொட்டவருக்கு முடிச்சுப் போடத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். இந்த வகுப்பில் அப்படி யார்? பனி உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனேன், என் தூண்டிலுக்கு நானே முடிச்சுப் போடுவேன் என்று குளிர்காலம் பூரா அளந்துகொண்டிருந்தவள் ஸ்டெஃபா.

காப்பி நேரத்தில் போய் அவள் முன்னால் நின்றார்.

"என் படத்துல நிழல் போட்டது நீதானே?"

ஸ்டெஃபா, லெம்பி கொடுத்தனுப்பியிருந்த ஏலக்காய் ரொட்டியை மென்று முடித்தாள். "என் கெட்டிலுக்கே எனக்கு நேரம் பத்தல. உன் பொண்டாட்டிக்கு வேற நான் அலங்காரம் பண்ணணுமா?"

"உன் விரலெல்லாம் கரி."

"இங்க எல்லார் விரலும் கரிதான் கிழவா. உன் மூக்கைப் போய்க் கண்ணாடியில பாரு. பெருக்காத சிம்னி மாதிரி இருக்கு."

வெய்க்கோ மூக்கைத் துடைக்கவில்லை. துடைத்தால் அவள் ஜெயித்ததாக ஆகிவிடும்.

"ஒருத்தர் நிழல் போட்டுக் கொடுத்தா நன்றி சொல்லிட்டுப் போவாங்க," என்றாள் ஸ்டெஃபா. "நீ போலீஸ்காரன் மாதிரி வந்து நிக்கிறே. அவ மூஞ்சியை அழகு பண்ணி எனக்கென்ன, தேர்தல்ல நிறுத்தப் போறேனா?"

அன்றைக்குப் பார்த்து லெம்பி அவரைக் கூட்டிப்போக வந்திருந்தாள். ஒடெட் அவளை உள்ளே இழுத்துப்போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள். வருகிற சனிக்கிழமை நூலகத்தில் வகுப்பின் கண்காட்சி, அதில் வெய்க்கோவின் படம் முன்சுவரில் மாட்டப்போகிறோம் என்று சொன்னாள். லெம்பி அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னை இப்படியா பார்க்கிறே?" என்றாள்.

வெய்க்கோ கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். வெளியே குளிரில் ஓடவிட்ட வண்டி இதற்குள் சூடாகியிருக்கும், வா என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வண்டியில் போகும்போது லெம்பி ஏதோ ஒரு பழைய மெட்டை முணுமுணுத்தாள். வீட்டில் காப்பி அவருக்குப் பிடித்த மாதிரி கெட்டியாக வந்தது. அவர் அடுப்படியில் பின்னால் நின்றாலும் விரட்டவில்லை. வெங்காயத்தை எப்படி நறுக்கணும் என்று அவளே கேட்டாள். டிமின்ஸ் ஊரில் இருக்கிற தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வெய்க்கோ என்னை வரைந்திருக்கிறான், என் முகம் எனக்கே தெரியவில்லை என்று தங்கள் தாய்மொழியான ஃபின்னிஷில் சொல்லிக்கொண்டிருந்தது அடுத்த அறையில் இருந்த அவர் காதில் விழுந்தது.

செய்யாத வேலைக்குக் கூலி வாங்குகிறோம் என்று அவருக்குத் தோன்றியது. யார்டில் அவர் வேலையை வேறொருத்தன் தன் பேரில் எழுதிக்கொண்டபோது ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தவர் அவர். இப்போது அவரே வேறு யாரோ போட்ட மெத்தென்ற நிழலைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அதுவும் சொந்தப் பெண்டாட்டியிடம், கெட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அது தன்னுடையதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

சனிக்கிழமை லெம்பி நல்ல நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நூலகத்தில் முப்பது நாற்பது பேர் பேப்பர் கப்பும் கையுமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் "அருமை", "அருமை". பியானோ பெஞ்சு மாதிரி இருந்த ஒரு குதிரைக்கும் அருமை. வெய்க்கோவின் படம் முன்சுவரில் துணிப்பலகையில் ஊசி குத்தி மாட்டப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஸ்டெஃபாவின் கெட்டில். கெட்டிலின் வயிற்றில் மங்கலாகத் தெரிந்த இரண்டு வளையங்களைக் காட்டி, ஜன்னல் பிரதிபலிப்பை எவ்வளவு நுணுக்கமாகப் பிடித்திருக்கிறாள் என்று ஒரு நூலகப் பெண்மணி சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டெஃபா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் முகத்தில், எனக்கே தெரியாதே என்கிற குழப்பம் இருந்தது. வெய்க்கோ அதைக் கவனித்தார்.

தூர நின்று கையை நீட்டினார். ஒரு கண்ணை மூடினார். பென்சிலை வைத்து லெம்பியின் கன்னத்து நிழல் எங்கே வளைகிறது என்று அளந்தார். அப்படியே கையை நகர்த்திக் கெட்டிலின் வயிற்றுக்கு வந்தார். அதே அளவு. லெம்பியின் தாடைக்குப் பக்கத்தில் நிழல் ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தது. கெட்டிலின் வயிற்றிலும் ஒரு நசுங்கல், ஆனால் எதிர்ப்பக்கத்தில். காதுக்குப் பின்னால் ஏறின கருமை, கெட்டிலின் கைப்பிடி. கெட்டிலில் இருந்த ஜன்னல் பிரதிபலிப்பு, லெம்பியின் மூக்குக்கண்ணாடி.

அவர் நேராகப் போய் இரண்டு படத்தின் ஊசிகளையும் பிடுங்கினார். "ஐயா, ஐயா" என்று நூலகப் பெண்மணி ஓடிவந்தாள். வெய்க்கோ இரண்டு தாளையும் முகத்தோடு முகம் சேர்த்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெளிச்சம் ஊடுருவினதும் கெட்டில் போய் லெம்பியின் கன்னத்தில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்தது. பொந்துக்குள்ளே வாரம் முழுக்க இரண்டும் ஒட்டிக்கிடந்து, அவள் கரி இவருக்கும் இவர் கோடு அவளுக்கும் மாறியிருந்தன.

ஒடெட் வந்து பார்த்தாள். ஒரு சிரிப்பு வெடித்து வந்தது; வாயைப் பொத்திக்கொண்டாள். "பட்டர் பேப்பர் வைக்கவே இல்லையா ரெண்டு பேரும்?"

"உங்க கடைச் சரக்கை விக்கிற தந்திரம்னு நெனச்சேன்," என்றார் வெய்க்கோ.

"நான் வாங்கினேன்," என்றாள் ஸ்டெஃபா. "பெரொஹிக் கொழுக்கட்டை செஞ்சு ஃப்ரீசர்ல அடுக்கறப்ப நடுவுல வெச்சேன். ஒட்டாம வருது."

ஒடெட்டுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் வெய்க்கோவுக்குச் சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் நிற்கிறவர்களின் கை கொஞ்சம் ஒட்டாமல் உலகத்தில் யாருக்கும் பாணி வந்ததில்லை, உங்களுக்கு அது கண்ணால் பார்க்கிற மாதிரி நடந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றாள். படத்தைத் திரும்ப மாட்டுங்கள் என்றாள். யார்டில் ஒருத்தன் மேல்கோட்டை இன்னொருத்தன் மாட்டிக்கொண்டு போனால் அதற்குப் பாணி என்று பேர் இல்லை என்று வெய்க்கோ பதில் சொன்னார்.

அதற்குள் லெம்பி காப்பி மேஜையிலிருந்து வந்துவிட்டாள். வெய்க்கோ தொண்டையைச் செருமினார்.

"லெம்பி, அந்த நிழல் நான் போட்டதில்ல. ஸ்டெஃபாவோட கெட்டில் ஒட்டிக்கிட்டது."

லெம்பி ஜன்னலில் இருந்த இரண்டு தாளையும் பார்த்தாள். கெட்டிலைப் பார்த்தாள், தன் கன்னத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"கெட்டிலாவது என்னை நல்லாப் பார்த்திருக்கு," என்றாள்.

ஸ்டெஃபாவுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெய்க்கோவின் காது மடல் சிவந்தது. தாளைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"எங்க எடுத்துட்டுப் போறே?"

"வீட்டுக்கு. அடுப்புக்கு. இது என்னோடது இல்லை."

லெம்பி அவர் கையிலிருந்து தாளை வாங்கினாள். மறுபடி விரித்து ஜன்னலில் வைத்தாள். "நான் நிழலைப் பார்த்துத்தான் நின்னேன்னு உனக்கு யாரு சொன்னா?" என்றாள். வாயின் ஓரத்தில், தாள் பஞ்சாகிப்போன இடத்தை, தொடாமல் விரலை நீட்டிக் காட்டினாள். "இதைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்து, வேணாம்னு முழுங்கறப்ப எனக்கு இந்த ஓரம் இப்படி உள்ள போகும். எங்க அம்மாவுக்கே தெரியாது. கெட்டிலுக்கு எப்படித் தெரியும்?"

வெய்க்கோ குனிந்து பார்த்தார். ஒரு தடவை ஸ்டெஃபாவின் தாளை எடுத்துச் சேர்த்துவைத்துப் பார்த்தார். கெட்டிலின் மூக்கு கன்னத்தோடு நின்றுவிட்டது. வாய்க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அந்த இடத்தில் இருந்தது ஒரு சின்னக் கோடு. அவருடைய கூரான கரி.

"அது மணி அடிச்சப்புறம் அவசரத்துல இழுத்தது," என்றார். "தாளைப் பார்த்துக்கூடப் போடல."

"அதைத்தான் நான் முதல் நாள்லேருந்து..." என்று ஒடெட் ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா," என்றாள் லெம்பி.

"தாள் அங்க பஞ்சாயிடுச்சு," என்றார் வெய்க்கோ. "கரி தானா ஊறி அப்படி இழுத்திருக்கும். பஞ்சுல எது பட்டாலும் ஊறும்."

லெம்பி எதையோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. வாயின் இடது ஓரம் சற்றே உள்ளே போனது.

வெய்க்கோ அதைப் பார்த்தார். ஜன்னலில் இருந்த தாளைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். பிறகு, இந்த மாதிரி ஒத்துப்போவதற்கெல்லாம் வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்கிற முகத்தோடு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். படத்தை மாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளட்டும், தன் பேரைக் கீழே போட வேண்டாம் என்று ஒடெட்டிடம் சொன்னார். நாளைக்கு என் வீட்டுக்கு வா, பெரொஹி தருகிறேன், பட்டர் பேப்பரோடேயே தருகிறேன் என்று ஸ்டெஃபா கூவினாள். அவள் எதற்கு இவ்வளவு தாராளமாக இருக்கிறாள் என்று அதையும் ஒரு பக்கம் யோசித்துக்கொண்டே வெளியே வந்தார்.

ஏரிக் காற்று முகத்தில் அறைந்தது. வண்டி நிறுத்தத்துக்குப் போகும் வழியில் நூலகத்தின் பெரிய ஜன்னல். உள்ளே லெம்பி தானே ஊசி குத்திப் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரத்திலிருந்து படத்தில் நிழல் தெரியவில்லை, கண்ணாடி வட்டம்கூட மங்கல். வாயின் ஓரம் மட்டும் தெரிந்தது. வெய்க்கோ கையை நீட்டி ஒரு கண்ணை மூடினார். பென்சிலில் கட்டைவிரலை வைத்து அந்த ஓரத்தை அளந்தார்.

ஜன்னல் கண்ணாடி வளைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு, பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு, வண்டியைப் பார்க்க நடந்தார்.